நாடி பிடித்த விரலும் உறக்கம் குறிக்கும் கடிகாரமும்

1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தபோது, தமிழர்கள் கூடவே கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட, பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு ராஜ்ய எல்லை உண்டாயிற்று. சுகமில்லாதவர்கள் அந்த எல்லையைப் பெரிதாக எண்ணியதில்லை. உளுக்குக்கும் வர்ம அடிக்கும் ஆசானைத் தேடி முஞ்சிறைப் பக்கம் இறங்குவதும், பெரிய வியாதியென்றால் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ஏறுவதும் இரு புறத்தாருக்கும் பொதுவான வழக்கம்.

ஆசான்மார் கற்ற சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் நாடியும் ஒன்று. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்று மணிக்கட்டைப் பற்றி, ஆள்காட்டி விரலில் வாதத்தையும் நடுவிரலில் பித்தத்தையும் மோதிர விரலில் கபத்தையும் உணர்ந்து, அவை ஒன்று, அரை, கால் என்ற மாத்திரைக் கணக்கில் நடக்கின்றனவா என்று பார்ப்பது அதன் முறை. இதில் என் மனத்தை ஈர்ப்பது விரலின் சாமர்த்தியமன்று. காலத்தைப் பற்றிய நிபந்தனையே. சில மாதங்களுக்கு உதயம், சிலவற்றுக்கு உச்சி, சிலவற்றுக்கு அந்தி, சிலவற்றுக்கு இரவு என்று நாடி பார்க்கும் பொழுதை வகுத்த சித்த வைத்திய நூல்கள், உண்டவுடனும் எண்ணெய் முழுக்குக்குப் பின்னும் நாடி சரிவரத் தோன்றாதென்று விலக்கவும் செய்கின்றன. இதைக் கொண்டு சித்தர்களுக்கு இரத்த அழுத்தமே தெரிந்திருந்தது என்று முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நாடி வேறு, அழுத்தம் வேறு. ஆனால் எப்போது பார்ப்பது என்ற கேள்வியைச் சித்தர்கள் கேட்டிருந்தார்கள்.

மேனாட்டார் அந்தக் கேள்விக்கு வெகு தாமதமாகவே வந்தார்கள். குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழலைப் பொருத்தி, இரத்தம் 8 அடிக்கு மேல் எழும்பியதை ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1733இல் வெளியிட்டார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையை இறுக்கி அழுத்தம் அளக்கும் கைப்பட்டையோடு கூடிய பாதரசக் கருவியை அமைத்தார். 1905இல் ருஷ்யரான கொரோட்கோவ் அதனோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். அந்தப் பாதரசக் கருவி நம் ஊர் டிஸ்பென்சரி மேஜைக்கு வந்து சேர்ந்தபின், 'பிரஷர்' என்பது பகலில் வரிசையில் நின்று, களைப்பும் பயமும் தணியுமுன் கையை நீட்டிப் பெறும் ஒற்றை எண்ணாயிற்று. மனிதன் தன் ஆயுளில் மூன்றிலொரு பங்கைக் கழிக்கும் நித்திரை கணக்கில் வரவேயில்லை.

1960களில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர், நடமாடும் மனிதரின் கைத்தமனியில் நுண்குழலைச் செருகி இரவும் பகலும் பதிவு செய்தபோது, உறக்கத்தில் அழுத்தம் நன்றாக இறங்குவது கண்கூடாயிற்று. அவ்வாறு இறங்காதவர்களிடையே பக்கவாதம் கண்டவர்கள் அதிகம் என்பதை அயர்லாந்து வைத்தியரான ஓ'பிரையன் 1988இல் எடுத்துக் காட்டினார். பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. உறக்கத்தின் சராசரி 120/70ஐ எட்டினாலோ தாண்டினாலோ, பகலில் அளந்த எண் எத்தனை நல்லதாயினும், அது மிகை அழுத்தமே என்பது இன்றைய விதி.

ஆனால் உறக்கம் எப்போது? 15 முதல் 30 நிமிஷத்துக்கொருமுறை கைப்பட்டையை இறுக்கும் 24 மணி நேரக் கருவிக்குப் பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை என்று ஏதேனும் ஒரு பொழுதை இரவாகக் குறித்துவிடுகிறார்கள். வெள்ளறடை, அம்பூரி மலைச்சரிவுகளில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவனை எண்ணிப் பாருங்கள்! அவன் மரத்தடியில் குனிந்து நிற்கும் வேளை கருவியின் கணக்கில் உறக்கம். உச்சி வெயிலில் அவன் திண்ணையில் கண்ணயரும் வேளை விழிப்பு. அவனுக்கு அழுத்தம் இரவில் இறங்கவில்லை என்று வரும் முடிவு அவன் சரீரத்தின் குற்றமா, கணக்கின் குற்றமா?

மணிக்கட்டில் கட்டும் புதிய கடிகாரம் உதவக்கூடியது இவ்விடத்திலேதான். கையின் அசைவையும், தோலின்மேல் விழும் பச்சை ஒளியால் அறியும் இருதயத் துடிப்பையும் கொண்டு, படுத்தது எப்போது, உறங்கியது எப்போது, கைப்பட்டை இறுகியதால் விழித்தது எப்போது என்று அது ஏறக்குறைய குறித்துவிடுகிறது. அந்தக் குறிப்பையொட்டி எண்களைப் பிரித்தால், இரவு என்பது உறங்குகிறவனுடைய இரவாகிறது. அழுத்தத்தையே அளந்து சொல்வதாக வரும் கடிகாரங்களின் சங்கதி வேறு. அவற்றில் ஒருவகையை 28 நாளுக்கொருமுறை கைப்பட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். நோய் நிர்ணயத்துக்கு அத்தகைய சாதனங்களை ஐரோப்பிய மிகை அழுத்த வைத்தியர் சங்கம் ஏற்கவுமில்லை. எனக்கும் அவற்றில் இன்னும் நம்பிக்கை பிறக்கவில்லை.

கடிகாரம் வாங்க வசதியில்லாதவர்கள் அதற்காக வருந்த வேண்டாம். 24 மணி நேரக் கருவி கட்டும் நாளில், படுத்த நேரம், இடையே விழித்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம் ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, டாக்டர் கேட்காவிட்டாலும் அவர் மேஜைமேல் வைத்துவிடுங்கள்.