21ஆம் ரேங்க் தளபதி

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நல்ல கம்பெனியில் 11 வருஷமாக வேலை பார்க்கிறாள். பதவி உயர்வுக்கு முன்னால் எல்லோருக்கும் ஆளுமைத் தேர்வு என்று ஒன்று வைத்தார்களாம். நாலு எழுத்தில் முடிவு வந்திருக்கிறது. அதிகம் பேசாதவர், ஒதுங்கி இருக்க விரும்புகிறவர், நெருக்கடியில் முன்னால் நிற்கும் வகை அல்ல என்று அதற்கு அர்த்தமாம். "பெரிய பெரிய தளபதிங்க எல்லாம் ஒரே வகை ஆளுங்கதானா சார்? நீங்க சரித்திரம் நடத்தினவர், நீங்களே சொல்லுங்க" என்றாள். பத்து நிமிஷம் பேசினேன். அது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த நாலு எழுத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங் 1921இல் மனித மனங்களின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்த அமெரிக்கத் தாயும் மகளுமான கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் இருவரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். மனிதர்கள் 16 வகை. இப்போது இணையத்தில் சீசர் இந்த வகை, நெப்போலியன் அந்த வகை என்று செத்துப்போன தளபதிகளுக்கெல்லாம் முத்திரை குத்துகிறார்கள். பரீட்சையே எழுதாதவனுக்கு மார்க் போடுவது எந்த ஊர் நியாயமோ!

முத்திரை வேண்டாம், சரித்திரத்தைப் பார்ப்போம். ஒரே கல்லூரியில் படித்து, ஒரே பக்கம் நின்று, ஒரே எதிரியோடு, ஒரே தலைவருக்குக் கீழே போரிட்ட இரண்டு பேர் கிடைத்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். லிங்கனின் பெயரோடு நாம் தாண்டிப்போகும் அந்தப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். சுமார் 40 லட்சம் அடிமைகளின் விடுதலை அதன் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. வட மாநிலங்களின் தளபதி யார் என்பது சும்மா அலுவலகப் பதவி உயர்வு விஷயமில்லை.

முதல் ஆள் ஜார்ஜ் மெக்லெல்லன். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1846ஆம் வருஷ வகுப்பில் 59 பேரில் இரண்டாவது. பல மொழிகள் தெரியும். கிரிமியப் போரை ஆராய அமெரிக்க அரசு ஐரோப்பாவுக்கு அனுப்பிய குழுவில் இருந்தவர். பிறகு ரயில்வே கம்பெனியில் உயர் பதவி. 34 வயதில் லிங்கனின் படைகள் எல்லாவற்றுக்கும் தலைமைத் தளபதி. குதிரையில் அவர் வந்தால் சிப்பாய்கள் தொப்பியைத் தூக்கிப்போட்டுக் கத்துவார்கள். 'இளைய நெப்போலியன்' என்று பத்திரிகைகள் எழுதின. எந்தக் கம்பெனி தேர்வு வைத்தாலும் அவர்தான் முதல்.

1862 வசந்த காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தெற்கின் தலைநகர் ரிச்மண்டைப் பிடிக்கக் கிளம்பினார். வழியில் யார்க்டவுன். அங்கே எதிர்த்து நின்ற மக்ரூடர் என்ற தளபதியிடம் ஆரம்பத்தில் 13,000 பேர் இருந்திருப்பார்கள். மக்ரூடருக்கு நாடகப் பைத்தியம் உண்டு. அதே சிப்பாய்களைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே வரவிட்டு, எதிரி பார்க்கும்படி நடக்கவைத்து, மறுபடி காட்டுக்குள் அனுப்பி, சுற்றிச் சுற்றி வரச் செய்தார். நம் ஊர்த் தெருக்கூத்தில் நாலு பேர் அக்ஷௌகிணி சேனையாக வருவார்களே, அதே கதை. மெக்லெல்லன் நம்பிவிட்டார். பள்ளம் தோண்டி, கனரகப் பீரங்கிகளை வரவழைத்து, ஒரு மாதம் உட்கார்ந்தார். எல்லாம் தயாரான ராத்திரி எதிரி சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டான்.

அந்தச் செப்டம்பரில் அதைவிடப் பெரிய வாய்ப்பு வந்தது. தென்படைத் தளபதி ராபர்ட் லீ தன் படையைப் பல துண்டுகளாகப் பிரித்து அனுப்பிய உத்தரவின் நகல் ஒன்று, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக, வடபடைச் சிப்பாயிடம் வயல்வெளியில் கிடைத்தது. கேள்வித்தாளே கையில் கிடைத்த மாதிரி! அப்படியும் மெக்லெல்லன் நிதானமாகத்தான் நகர்ந்தார். செப்டம்பர் 17 அன்று அன்டீட்டம் ஓடைக்கரையில் நடந்த சண்டையில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23,000 பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். மெக்லெல்லன் தன் படையில் கணிசமான பகுதியைக் களத்தில் இறக்கவே இல்லை. எதிரியிடம் இன்னும் பெரிய படை மறைந்திருக்கும் என்ற நினைப்பு. லீ ஆற்றைத் தாண்டித் தப்பிவிட்டார். நவம்பரில் லிங்கன் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

மெக்லெல்லனைக் கோழை என்று யாரும் நினைக்க வேண்டாம். மெக்சிகோ போரில் துணிச்சலாக நின்றவர். கெட்டிக்காரர் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் எதிரி என்ன செய்யக்கூடும் என்று கற்பனை செய்வதிலேயே செலவானது. அவர் நம்பிய உளவுக் கணக்குகளில் எதிரியின் எண்ணிக்கை எப்போதும் ஊதியிருக்கும். அவர் மனம் அதை இன்னும் ஊதும்.

இரண்டாவது ஆள் யுலிசிஸ் கிராண்ட். அதே கல்லூரி. 1843ஆம் வருஷ வகுப்பில் 39 பேரில் 21ஆவது. கணக்கும் குதிரையேற்றமும் நன்றாக வரும். மற்ற நேரமெல்லாம் கதைப் புத்தகம். கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. (இதைப் படித்த அன்றிலிருந்து அவர் மேல் எனக்குத் தனிப் பாசம்.) அப்பா தோல் பதனிடுபவர். அந்த நாற்றமும் ரத்தமும் மகனுக்கு ஆகவே ஆகாது. தட்டில் இருக்கும் மாமிசம் கருகும் அளவுக்கு வெந்திருந்தால்தான் சாப்பிடுவார். சிவப்புத் தெரிந்தால் தொடமாட்டார்.

மெக்சிகோ போரில் அவருக்குக் கிடைத்தது சிப்பாய்களுக்குச் சாப்பாடும் கோவேறு கழுதை வண்டிகளும் ஏற்பாடு செய்யும் வேலை. 1854இல் குடிப்பழக்கம் பற்றிய பேச்சோடு ராணுவத்திலிருந்து விலகினார். விவசாயம் செய்து நஷ்டப்பட்டார். செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். 1857 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். 38 வயதில் கலீனா என்ற சிற்றூரில், அப்பாவின் தோல் கடையில், தம்பிகளோடு சேர்ந்து வேலை. கூச்சசுபாவம், மேடையில் பேச வராது. நம் மாணவிக்கு வந்த நாலு எழுத்துக்குப் பக்கத்தில்தான் இவருக்கும் வந்திருக்கும்.

போர் வந்ததும் ஒரு படைப்பிரிவுக்குக் கர்னல் ஆனார். 1861 ஜூலையில் மிசௌரி மாநிலத்தில் ஹாரிஸ் என்பவரின் படையைத் தாக்க உத்தரவு. ஒரு மலைச்சரிவில் ஏறுகிறார். மேட்டைத் தாண்டினால் எதிரியின் முகாம். பயத்தில் நெஞ்சு தொண்டைக்கே வந்துவிட்டது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நில் என்று சொல்லக்கூடத் தைரியமில்லாததால் நடந்துகொண்டே இருந்தாராம். மேட்டில் ஏறிப் பார்த்தால் முகாம் காலி. ஹாரிஸ் சில நாள் முன்னாலேயே ஓடிவிட்டார். நான் அவனுக்குப் பயந்த அளவு அவனும் எனக்குப் பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் கிராண்டுக்கு உறைத்தது. அதற்கு முன் அப்படி யோசித்ததே இல்லை, அதற்குப் பிறகு மறந்ததே இல்லை என்கிறார். யார்க்டவுனிலும் இதே பாடம் காத்துக்கிடந்தது. வகுப்பில் இரண்டாவதாக வந்தவர் அதைப் படிக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் டொனல்சன் கோட்டை முற்றுகை. கிராண்ட் இல்லாத நேரத்தில் எதிரி வெளியே பாய்ந்து, அவருடைய படையின் ஒரு பக்கத்தை உடைத்துவிட்டான். திரும்பி வந்தபோது அதிகாரிகள் கலங்கிப்போய் நிற்கிறார்கள். பிடிபட்ட எதிரிச் சிப்பாய்களின் பைகளில் மூன்று நாள் சாப்பாடு இருக்கிறது என்று யாரோ சொல்ல, கிராண்ட் அதைப் பிடித்துக்கொண்டார். கோட்டையில் இருந்து சண்டை போடப் போகிறவன் மூன்று நாள் கட்டுச்சோறு கட்டமாட்டான். இவன் தப்பி ஓடப் பார்க்கிறான். அப்படியானால் அவனும் கலங்கித்தான் இருக்கிறான், முதலில் தாக்குபவன் ஜெயிப்பான். மறுநாள் கோட்டை சரணடைந்தது. சிறைப்பட்டவர்கள் 12,000க்கும் மேல். சாப்பாட்டு வண்டி ஓட்டியவனுக்குத்தான் சாப்பாட்டுப் பையைப் பார்த்து எதிரியின் மனதைப் படிக்க வரும் என்பது என் கட்சி.

எல்லாரும் புகழும் விக்ஸ்பர்க் வெற்றியிலும் இதையே பார்க்கிறேன். மிசிசிப்பி ஆற்றின் மேல் உயரத்தில் இருந்த பீரங்கி நகரம் அது. பல மாதம் பல வழியில் முயன்றும் நெருங்க முடியவில்லை. 1863 ஏப்ரலில் கப்பல்களை ராத்திரியில் பீரங்கிகளைத் தாண்டி ஓடவிட்டு, ஊருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து, எதிரி நாட்டுக்குள் இறங்கினார். பின்னால் ஒழுங்கான உணவு வழி கிடையாது. நெருங்கிய நண்பர் ஷெர்மனே வேண்டாம் என்று தடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அது சூதாட்டம். ஆனால் முந்தைய டிசம்பரில் எதிரி அவருடைய கிடங்கைக் கொளுத்தியபோது, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தே ஒரு படை வயிறு நிறையச் சாப்பிட முடியும் என்று கண்டுகொண்டவர் அவர். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இறங்கினார். தோட்ட முதலாளிகளின் அழகான சாரட்டு வண்டிகள் முதல் மாட்டு வண்டிகள் வரை பறித்து, அவற்றில் வெடிமருந்தை ஏற்றினார். 17 நாளில் ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி. நகரத்தை நேராகத் தாக்கிய இரண்டு முயற்சிகள் தோற்றதும் முற்றுகை போட்டார். ஜூலை 4 அன்று சுமார் 29,500 பேர் சரணடைந்தார்கள். நீங்கள் நினைத்தது சரி, நான் நினைத்தது தவறு என்று லிங்கனே கடிதம் எழுதினார்.

கிராண்டுக்கு நெஞ்சு கல் என்று எண்ணிவிடாதீர்கள். 1862 ஏப்ரலில் ஷைலோவில் எதிரி எதிர்பாராமல் தாக்கியதில் முதல் நாள் பெரும் சேதம். அன்றிரவு கொட்டும் மழை. கிராண்ட் ஒதுங்கிய மர வீட்டில் மருத்துவர்கள் கை கால்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்து, மரத்தடியில் மழையிலேயே உட்கார்ந்தார். அங்கே இருந்தபடியே நாளைக்குத் தாக்குவது என்று முடிவு செய்தார். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டில் லீயோடு இரண்டு நாள் மோதி 17,000 பேருக்கு மேல் இழந்த பிறகு, கூடாரத்துக்குள் போய்க் கட்டிலில் விழுந்து உடைந்துபோனார் என்று ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னிருந்தவர்கள் அப்படி அடிபட்டால் வடக்கே திரும்பிவிடுவார்கள். இவர் மறுநாள் இரவு படையைத் தெற்கே திருப்பினார். நாற்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று தெரிந்ததும், அடிபட்டுக் களைத்த அந்தச் சிப்பாய்களே ஆரவாரம் செய்தார்கள். சின்ன வயதிலிருந்தே போன வழியில் திரும்பி வருவது கிராண்டுக்குப் பிடிக்காதாம். வழி தப்பினால்கூடச் சுற்றிக்கொண்டு போவாராம். எந்தத் தேர்வில் இதைக் கேட்கிறார்கள்?

உடனே, படிக்காதவன்தான் ஜெயிப்பான் என்று பேரப்பிள்ளைகள் யாரும் கிளம்பிவிட வேண்டாம்! லீயும் தன் வகுப்பில் இரண்டாவதாக வந்தவர்தான். கிராண்டின் வலது கையான ஷெர்மனோ கிராண்டுக்கு நேர் எதிர். ஓயாத பேச்சு, படபடப்பு. போரின் தொடக்கத்தில் அவருக்குப் பைத்தியம் என்றே பத்திரிகைகள் எழுதின. அவரும் பெரிய தளபதிதான். கிராண்டைவிடத் தனக்குப் போர்க்கலை அதிகம் தெரியும் என்றும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதிரி என்ன செய்கிறான் என்பது தன்னைக் கலங்க வைக்கும், கிராண்டைக் கலக்காது என்றும் ஷெர்மனே சொல்லியிருக்கிறார். குணம் வேறு, அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அரைகுறைத் தகவலின் முன் என்ன செய்கிறோம் என்பது வேறு. ஷெர்மன் தன் படபடப்பைத் தெரிந்து வைத்திருந்தார். மெக்லெல்லன் தன் பயத்தை ஜாக்கிரதை என்று எண்ணிக்கொண்டார்.

கிராண்டின் குணமும் எல்லா இடத்திலும் உதவவில்லை. பின்வாங்காத பிடிவாதம் 1864 ஜூனில் கோல்ட் ஹார்பரில் ஆயிரக்கணக்கானவர்களைப் பலி வாங்கியது. அந்தக் கடைசித் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாக அவரே எழுதினார். ஜனாதிபதியாக இருந்த எட்டு வருஷமும் (1869-77) நண்பர்களைச் சந்தேகப்படத் தெரியாமல் ஊழல் பேச்சில் மாட்டினார். 1884இல் வார்ட் என்ற கூட்டாளி மோசடி செய்து அவரை ஓட்டாண்டி ஆக்கினான். எதிரியைக் கண்டு கலங்காதவருக்கு, பக்கத்து நாற்காலியில் இருந்த எதிரியைத் தெரியவில்லை.

அதே வருஷம் தொண்டையில் புற்றுநோய். மனைவி ஜூலியாவுக்கு விட்டுப்போகக் கையில் காசில்லை. நினைவுக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தார். கடைசியில் குரல் போய், சொல்ல வேண்டியதைக் காகிதத் துண்டுகளில் எழுதிக் காட்டினார். போர்க்கள உத்தரவுகளை எழுதிய அதே தெளிவான, சின்னச் சின்ன வாக்கியங்கள். 1885 ஜூலையில் எழுதி முடித்தார். சில நாளில், 23ஆம் தேதி காலமானார். மார்க் ட்வைனின் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஜூலியாவுக்குச் சுமார் நாலரை லட்சம் டாலர் கிடைத்தது.

ஷெர்மனைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகும். கண் மருத்துவர் சொன்ன நேரம் தாண்டிவிட்டது, போனை வைக்கிறேன்.