ரெய்கின்: நன்றிப் பணமா, வாசல் வரியா?

2006ல் டோக்கியோவுக்குப் போன முதல் வாரம். ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேராக ஒரு இசகாயாவுக்குப் போனோம். குடிக்கவும் கொறிக்கவும் ஜப்பான்காரர்கள் கூடுகிற சின்ன உணவகம் அது. உட்கார்ந்த உடனே, யாரும் கேட்காமலே, ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்துச்சு. உள்ளே ஊறவைத்த கணவாய். நான் சைவம், அதனால் தொடாமல் தள்ளி வைத்துவிட்டேன். பில்லைப் பார்த்தால் அதுக்கு 350 யென்!

"நான் வாயிலயே வைக்கலையே சார்?" என்றேன். அங்கே பல வருஷம் இருந்த சீனியர் சிரித்தார். "அது கணவாய்க்கு இல்லப்பா, நீ உட்கார்ந்த நாற்காலிக்கு."

அதன் பெயர் ஒதோஷி. ஜப்பானில் டிப்ஸ் கிடையாது, மேஜையில் காசு வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் பல இசகாயாக்களில் உள்ளே நுழைந்ததுக்கு ஒரு தொகை உண்டு. 350 யென்னோடு போச்சு என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வீடு தேடப் போனபோதுதான் பெரிய கிண்ணம் வந்தது.

வாடகை 80,000 யென். தரகர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஷிகிகின், அதாவது நம்ம ஊர் அட்வான்ஸ், 2 மாதம். ரெய்கின் 2 மாதம். தரகுக்கூலி 1 மாதம். முதல் மாத வாடகை. மொத்தம் 6 மாதம், 4,80,000 யென். அன்றைய மதிப்பில் ஒண்ணே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். ரெய்கின் எப்போ திரும்பக் கிடைக்கும் என்று கேட்டேன். கிடைக்காது என்றார். ரெய் என்றால் நன்றி, கின் என்றால் பணம். வீடு கொடுத்ததற்காக வீட்டுக்காரருக்கு நாம் சொல்கிற நன்றி!

பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். என் எதிரிலேயே தரகர் வீட்டுக்காரர்களுக்குப் போன் பண்ணினார். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'கைகோகுஜின்', வெளிநாட்டவர். அந்த வார்த்தை வந்ததும் பேச்சு சுருங்கி, மன்னிப்போடு போன் வைக்கப்படும். இப்படி நாலு வீடு. கம்பெனி கொடுத்த அறை ஒரு மாசத்துக்குத்தான். மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் வர டிக்கெட் போட்டாச்சு. ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த ரெய்கின் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான். கிடைத்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் கதை, 1923 செப்டம்பர் 1 கான்டோ நிலநடுக்கம். டோக்கியோ எரிந்து, வீட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. இடம் கொடுத்தவருக்கு நன்றியாக ஒரு தொகை கொடுத்தார்கள், அதுவே வழக்கமாச்சு என்பார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனால் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பல பத்தாண்டுகள் ஒரு பழக்கம் நிற்கிறது என்றால், அதைத் தாங்கிப்பிடிக்க வேறு ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

1930களின் கடைசியில் ஜப்பானிய நகரங்களில் பெரும்பாலான வீடுகள் வாடகை வீடுகள்தான். சீனாவுடன் போர். விலைவாசி ஏறியது. 1939ல் அரசு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. வாடகையை ஏற்ற முடியாத வீட்டுக்காரர்கள், பழைய ஆளைக் காலி பண்ண வைத்துவிட்டுப் புது ஆளிடம் கூடுதலாக வாங்கப் பார்த்தார்கள். அந்த ஓட்டையையும் அடைக்க, 1941ல் வாடகை வீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். நியாயமான காரணம் இல்லாமல் குடியிருப்பவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது.

இரண்டு பக்கமும் கதவு சாத்தியாச்சு. மாதாமாதம் ஏற்ற முடியாது, வெளியேற்றவும் முடியாது. மிச்சம் இருக்கும் ஒரே இடம் வாசல். ஆள் உள்ளே வரும் அந்த ஒரு நாளில் வாங்குவதுதான் லாபம்.

வாடகைக் கட்டுப்பாடு 1950லேயே புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு நீங்கியது, 1986 முடிவில் முழுசாகப் போனது. 'நியாயமான காரணம்' மட்டும் போகவில்லை. 1992ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கு. 2000த்தில்தான், குறித்த காலம் முடிந்ததும் தானாகவே முடிகிற ஒப்பந்தத்துக்கு வழி செய்தார்கள்.

எனக்கு மறுக்கப்பட்ட நாலு வீடுகளையும் இந்தக் கோணத்தில் யோசித்துப் பார்த்தேன். உள்ளே வந்தவரை எளிதில் அனுப்ப முடியாது என்றால், வீட்டுக்காரர் வாசலிலேயே ஜல்லடை போடுவார். ஜாமீன்தாரர் கேட்பார், தெரியாத மொழி பேசுகிறவரைத் தவிர்ப்பார். குடியிருப்பவரைக் காப்பாற்ற எழுதின சட்டம், இன்னும் குடிவராதவனுக்குச் சுவராகிவிட்டது. பாகுபாட்டுக்கு இது சாக்கு இல்லை. அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் வெறும் மனசுக் கோளாறு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

என்னைக் காப்பாற்றியதும் ஒரு பழைய அரசு முடிவுதான். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க 1955ல் அரசு ஒரு வீட்டு வசதிக் கழகம் தொடங்கியது. அதன் இன்றைய வாரிசு யூஆர். அங்கே ரெய்கின் இல்லை, தரகு இல்லை, ஜாமீன்தாரர் இல்லை, புதுப்பிக்கும் கட்டணமும் இல்லை. வருமானம் போதுமா என்று பார்த்தார்கள், ஷிகிகின் வாங்கினார்கள், சாவி கொடுத்தார்கள். வீடு நிஷிகசாயில். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தை ஒட்டிய பகுதி. 1979ல் திறந்த தோசாய் ரயில் பாதை ஸ்டேஷன். அங்கிருந்து வங்கிகள் நிறைந்த ஓதெமாச்சிக்கு நேர் ரயில். 2000 ஆண்டுக் கணினிப் பிரச்சினையை ஒட்டி வந்த இந்திய இன்ஜினியர்கள் இங்கே ஏன் குவிந்தார்கள் என்பதற்கு இந்த இரண்டுமே போதும்: ரயிலும், வாசல் வரி கேட்காத அரசு வீடும். குழந்தை வந்து இறங்கினபோது வீட்டில் ஒரு பாயும் குக்கரும்தான் இருந்துச்சு. அதுவே சொர்க்கம்.

இப்போது நிறைய மாறியிருக்கு. காலி வீடுகள் பெருகியதால் ரெய்கின் இல்லாத வீடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. 2020ல் திருத்திய குடிமைச் சட்டம், சாதாரணத் தேய்மானத்துக்கு ஷிகிகினில் கைவைக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. ஆனால் பல வீடுகளில் 2 வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் புதுப்பிப்புக் கட்டணம், தொகை மிக அதிகமாக இல்லாத வரை செல்லும் என்று 2011ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உணவகத்திலும் நாற்காலிக்கு இன்னொரு விலை சேர்ந்திருக்கு. 2019 அக்டோபரிலிருந்து பார்சல் என்றால் வரி 8 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட்டால் 10.

கடைசியாக ஒன்று. ஊருக்குத் திரும்பின பிறகு சென்னையில் என் சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு விட்டேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தரகர் கேட்டது 10 மாதம். "பேச்சிலர் வேணாம் சார், வெளி மாநிலத்துப் பசங்களும் வேணாம். அப்புறம் காலி பண்ண வைக்க முடியாது" என்றார். நானும் "சரிங்க" என்று தலையாட்டினேன்.

போனை வைத்த பிறகுதான் அந்த நாலு போன் கால்கள் ஞாபகம் வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டு, 3 மாதம் போதும், யார் வந்தாலும் காட்டுங்க என்றேன். இப்போது அங்கே குவாஹாத்தியிலிருந்து வந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். வாடகை 5ஆம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.