கால்வாய், தண்டவாளம், பாடு

பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நான் மென்பொருள் எழுதுகிறவன். இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் பாசஞ்சர் ரயில் சீசன் டிக்கெட்டில்தான் ஓடியது. அதனாலோ என்னவோ, சென்னை–ஹைதராபாத் அதிவேகப் பாதை பற்றிய செய்தியைப் படித்ததும் புல்லட் ரயிலைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. இந்த லோக்கலும் பாசஞ்சரும் என்ன ஆகும் என்றுதான் தோன்றியது.

பதில் தேடி நான் ஜப்பான் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழவேற்காடு படகுத்துறையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அதை ஒரே வரியில் சொன்னார்.

“எங்க தாத்தா விறகு போட்டுலதான் மெட்ராசுக்குப் போவாரு தம்பி. ரயிலு வந்து எத்தினியோ வருசம் கழிச்சும் போட்டுலதான்.”

அவர் சொன்ன போட் ஓடியது பக்கிங்காம் கால்வாயில். 1806இல் பாசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், பசியோடு வந்த மக்களை நிவாரண வேலை என்ற பெயரில் மண் வெட்ட வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எதிலும் இல்லை. 1878இல் கால்வாய்க்கு கவர்னர் பெயரை வைத்தார்கள்.

உப்பு, நெல், சவுக்கு விறகு எல்லாம் அதில் போயின. பாய் விரித்தும், காற்று இல்லாதபோது கரையில் ஆள் நடந்து கயிறு கட்டி இழுத்தும் போயின. இதில் ஒரு வேடிக்கை: இந்தக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், அன்றைய ரயில் என்ஜின்களுக்கு விறகு தேவைப்பட்டதுதான்.

1899இல் சென்னை–விஜயவாடா ரயில் பாதை வந்தது. ஏரிக்கு மேற்கே, கால்வாய்க்குக் கிட்டத்தட்ட இணையாக. அவசரமாகப் போகிறவர்களும் காசு உள்ளவர்களும் ரயிலுக்கு மாறினார்கள். ஆனாலும் கால்வாய் அன்றே சாகவில்லை. கனமான, மலிவான, அவசரமில்லாத சரக்கு பல பத்தாண்டுகள் தண்ணீரிலேயே போனது. பெரியவரின் தாத்தாவும் அப்படித்தான் போயிருக்கிறார். கால்வாயைக் கொன்றது ரயிலின் வேகம் மட்டும் இல்லை. மண் தூர்ந்தது, யாரும் வாரவில்லை. 1960களிலும் 70களிலும் புயல்கள் உடைத்தன, யாரும் முழுசாகச் சரிசெய்யவில்லை. லாரி வந்தது. கடைசியில் சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களையே கால்வாய்க்குள் நட்டார்கள். 2008இல் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தார்கள். காகிதத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஜப்பானிலும் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 1964இல் டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் வந்த பிறகும் பழைய டோக்கைடோ பாதையில் லோக்கலும் சரக்கு ரயிலும் ஓடுகின்றன. ஆனால் 1997இல் நாகானோவுக்கு ஷின்கான்சென் வந்தபோது, பழைய பாதையில் யோகோகாவா–கருயிசாவா மலைத்துண்டை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது பஸ். மலைக்கு அப்பால் இருந்த பகுதி உள்ளூர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பழைய பாதையை நடத்தும் செலவு யார் தலையில் என்பதுதான் அதன் விதியைத் தீர்மானித்தது.

நம்மூரிலும் முன்னோட்டம் பார்த்துவிட்டோம். கோவிட்டுக்குப் பிறகு பல பாசஞ்சர் ரயில்கள் ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ ஆயின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. ரயில் அதேதான், வேகமும் அதேதான். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இடையில் 2023 செப்டம்பரில் விஜயவாடா–சென்னை வந்தே பாரத் வந்தது. அது ரேணிகுண்டா வழியாகப் போகிறது. பொன்னேரிப் பக்கமே வராது.

புல்லட் ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே தண்டவாளத்தில் வேகமான ரயிலும் மெதுவான ரயிலும் ஓடினால், வேகமானதற்கு வழிவிட மெதுவானது ஓரங்கட்டி நிற்க வேண்டும். ஒரு எக்ஸ்பிரஸ் பல லோக்கல்களின் நேரத்தைச் சாப்பிட்டுவிடும். வேக ரயிலுக்குத் தனிப்பாதை போட்டால் பழைய பாதையில் இடம் காலியாகும். அந்த இடம் யாருக்கு? நிலக்கரிக்கா, கன்டெய்னருக்கா, பொன்னேரி லோக்கலுக்கா?

இப்படி ஒரு கேள்வியைப் பழவேற்காடு மீனவர்கள் என்றைக்கோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முறைக்குப் பெயர் ‘பாடு’. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்கள் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொண்டன. நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. ரயில் டைம்டேபிளும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பாடு முறையைப் புனிதமாக்கவும் முடியாது. பாட்டில் சேர்க்கப்படாத சாதிகளுக்கு, பழங்குடிகளுக்கு அந்த இடங்களில் முறையே வராது. சீட்டு நேர்மையாகத்தான் குலுக்கப்படுகிறது. யார் பெயரில் சீட்டு எழுதப்படுகிறது என்பதில்தான் அநியாயம். புல்லட் ரயில் வரும் நாளில் பழைய பாதைக்கான சீட்டும் எழுதப்படும்.

திரும்பும்போது பொன்னேரியில் லோக்கல் வந்தது. காலிக் கூடைகளோடு இரண்டு அக்காக்கள் வெண்டர் பெட்டியிலிருந்து இறங்கினார்கள். “தம்பி, கொஞ்சம் புடிப்பா” என்று ஒருவர் கூடையை நீட்டினார். வாங்கி பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு ஏறினேன். சென்னை வரும்வரை கையில் மீன் வாசம் போகவில்லை.