வசையும் பதிலும்: கறுப்பின இதழ்களின் படக்கதைகள்

நினைவுச் சொற்பொழிவுக்குப் படக்கதையை எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் அருகில் நிற்கும் லொதாரை அவர்கள் மறந்திருக்க முடியாது. 1934இல் அமெரிக்க நாளிதழ்களில் அந்தத் தொடர் தொடங்கியபோது, லொதார் தோலாடை உடுத்தி அரைகுறை ஆங்கிலம் பேசும் ஏவலாள். இத்தனைக்கும் கதைப்படி அவன் ஆப்பிரிக்க இளவரசன்!

இத்தகைய தொடர்களைத் தேடிப்போகும் ஆய்வாளருக்கு அவை இன்று எளிதாகவே கிடைக்கின்றன. அமெரிக்க நூலகங்கள் பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் பதிந்துவிட்டு மூலத் தாள்களைக் கழித்துக்கட்டின. வண்ணப் பக்கங்கள் கறுப்பு வெள்ளையாயின. பில் பிளாக்பியர்ட் என்பவர் 1968இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, கழித்த தாள்களைத் தம் வீட்டில் கொண்டுவந்து நிரப்பினார். அந்தச் சேகரிப்பு ஏறத்தாழ 75 டன். இப்போது ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பெரிய பணிதான், மறுக்கவில்லை. ஆனால் நூலகம் முதலில் எதைச் சேர்த்ததோ, அதைத்தானே பிறகு கழிக்க முடியும்? கறுப்பின மக்கள் தாமே நடத்திய வார இதழ்களை வரிசை குலையாமல் சேர்த்துவைத்த நூலகங்கள் குறைவு.

ஆகவே வசை பத்திரமாக இருக்கிறது. அதற்கு எழுதப்பட்ட பதிலைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. உன்னமதி சியாம சுந்தர் பழைய நாளிதழ்களைத் துருவி, 1932 முதல் 1956 வரை அம்பேத்கரைப் பற்றி வெளியான கேலிச்சித்திரங்களைத் திரட்டி 2019இல் நூலாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அவரைக் கேலிசெய்த கோடுகள் ஒன்றுவிடாமல் காப்பகங்களில் இருந்தன. மறுபுறம், இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழின் பிரதிகள் நம் கையில் இல்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' தப்பியதற்குக் காரணம் அரசு நூலகமல்ல. அன்பு பொன்னோவியம் போன்றோர் பேணிய பிரதிகள்.

கறுப்பின இதழ்களின் பதில் என்ன? 1905இல் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்', ரயிலின் புல்மன் பெட்டிகளில் வேலைபார்த்த கறுப்பினத் தொழிலாளர் கைவழியாகத் தென்மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 1920 முதல் 'பங்கிள்டன் கிரீன்' வந்தது. முதலில் வெறும் சிரிப்புத் தொடர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜே ஜாக்சன் அதை எதிர்கால உலகுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு நாட்டில் பச்சை நிறத்தவர் ஆள்கிறார்கள், வெள்ளையர் ஒதுக்கப்படுகிறார்கள்.

அவரினும் நம்மை ஈர்ப்பவர் ஜாக்கி ஆர்ம்ஸ் (1911–1985). 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் 1937இல் 'டார்ச்சி பிரவுன்' தொடரைத் தொடங்கினார். 1945 முதல் 1956 வரை 'பேட்டி-ஜோ அண்ட் ஜிஞ்சர்' என்ற ஒற்றைக்கட்டப் படத்தை வரைந்தார். அதில் தங்கை மட்டுமே பேசுவாள். அக்கா வாய் திறப்பதில்லை. 1955 அக்டோபரில் வந்த ஒரு படத்தில், வெள்ளைத் தேநீர்க் கெண்டி தன்னைப் பார்த்துச் சீழ்க்கையடித்துவிட்டதாகத் தங்கை அக்காவிடம் முறையிடுகிறாள்.

கத்தரித்து ஒட்டிய துண்டாகப் பார்த்தால் இது குழந்தைக் குறும்பு, அவ்வளவுதான். முழு இதழையும் விரித்தால்தான் விஷயம் புரியும். அதே ஆண்டு ஆகஸ்டில், வெள்ளைப் பெண்ணைப் பார்த்துச் சீழ்க்கையடித்தான் என்று சொல்லி, சிகாகோவைச் சேர்ந்த 14 வயது எம்மெட் டில்லை மிசிசிப்பியில் கொன்றார்கள். செப்டம்பரில் கொலையாளிகள் விடுதலையானார்கள். இதழின் செய்திப் பக்கங்களில் இருந்த அந்த வழக்குக்குத்தான் சிறுமி பதில் சொல்கிறாள். படக்கதை ஆய்வுக்குத் துண்டுகள் போதா, இதழ் முழுதாக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

1950 முதல் 1954 வரை கூரியரின் வண்ணப் பக்கத்தில் டார்ச்சி மீண்டும் வந்தாள். கடைசியில் ஒரு தென்பகுதி ஊரின் நிறவெறியையும் நச்சுக்கழிவையும் எதிர்த்து நின்றாள். அந்த வண்ணத் தாள்கள் இன்று அரிய பொருள். ஆர்ம்ஸின் வரலாறு மீண்டதே ஒரு பொம்மையால்தான். பேட்டி-ஜோவின் உருவில் 1947இல் விற்பனைக்கு வந்த பொம்மையைப் பின்தொடர்ந்து நான்சி கோல்ட்ஸ்டீன் அவரிடம் வந்துசேர்ந்தார். 2008இல் வாழ்க்கை வரலாறு வெளியானது. தானும் கார்ட்டூனிஸ்டான டிம் ஜாக்சன் கறுப்பின ஓவியர்கள் பலரைத் திரட்டி 2016இல் நூல் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரே ஒரு அலுவலகம் மட்டும் ஆர்ம்ஸைத் தவறாமல் கவனித்து வந்தது. அமெரிக்க உளவுத்துறையான எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி வைத்திருந்த கோப்பு 287 பக்கம். யாரைச் சந்தித்தார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பதெல்லாம் அதில் உண்டு. வாரந்தோறும் அச்சில் வந்த அவருடைய படங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.