மருந்து வந்த வழி, மூச்சு வந்த வழி



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னாங்க. ராஜா ராணி வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ ஊசி போட்டப்போ கூடவே இருந்தவள் நான். அந்த மருந்து எங்கிருந்து வந்தது, அதோடு அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அந்த வரலாற்றைத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் எட்டு சுற்று. இரண்டு சுற்று எப்படியோ போச்சு. மூன்றாவது சுற்றுக்குப் போனப்போ ஊசி போடுறதுக்கு முன்னாடியே, ஆஸ்பத்திரி வாசல்ல பினாயில் வாடை பட்டதும் வாந்தி எடுத்தாள். நாலாவது சுற்றுக்கு பஸ் ஏறவே மாட்டேன்னு திண்ணையில உட்கார்ந்துட்டாள். "என்னை விட்ருடி. இந்த ஊசியில சாகறதுக்கு நோயிலேயே போயிடறேன்" என்றாள். பாதியில் நின்றால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை.

முதலில் மருந்தின் கதை. முதல் உலகப் போரில் கடுகு வாயு என்ற விஷவாயுவைப் பயன்படுத்தினார்கள். அது பட்டவர்கள் உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்து போவதை டாக்டர்கள் கவனித்தார்கள். வேகமாகப் பெருகும் அணுவை இது அழிக்கிறது என்றால் புற்றுநோய் அணுவையும் அழிக்குமே என்று யோசித்து, அதே வகை மருந்தை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கீமோ தொடங்கியது அங்கேதான்.

இதில் நம்ம பக்கத்து மனிதர் ஒருவரும் உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்காவில் அவர் தலைமையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்தைத்தான், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் 1947-ல் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்தின் வழியில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். அதோடு இன்னும் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மார்பகப் புற்றுநோய் திரும்பி வருவது குறைகிறது என்று 1976-ல் இத்தாலி நாட்டு டாக்டர்கள் காட்டினார்கள். அக்காவுக்குப் போட்ட சிவப்பு மருந்தும் இத்தாலியில்தான் பிறந்தது. ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரில் இருந்து எடுத்ததாம்.

மருந்து இருந்தால் போதுமா, அதைப் போட இடம் வேணுமே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்து போனார். அந்த வேதனையை மனசில் வைத்துக்கொண்டு, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பல வருஷம் பாடுபட்டு, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தொடங்கும்போது 12 படுக்கைதான். ஒரு பெண்கள் சங்கம் செய்த வேலை அது. சங்கத்துப் பெண்களான நாம் இதை மறக்கக் கூடாது.

இந்த மருந்து வேகமாக வளரும் நல்ல அணுவையும் சேர்த்தே தாக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, குமட்டுகிறது. வாந்தியைத் தடுக்க நல்ல மாத்திரைகள் 1990-களில் வந்தன. ஆனால் அக்காவுக்கு வந்தது வேறு வகை. ஊசியும் ஆஸ்பத்திரி வாடையும் மனசில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, வாடை பட்டாலே வயிறு புரட்டுவது. இதற்கு மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. உடம்பைத் தளர்த்தி மனசை அமைதியாக்கப் பழகினால் இது குறைகிறது என்று 1982-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது.

அந்தப் பழக்கம் நமக்குப் புதுசா? மூச்சைக் கவனிப்பதை புத்தர் தம் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். திருமூலர் திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதியே வைத்தார். ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979-ல் இதை மதத்தோடு சேர்க்காமல், தீராத வலிக்காரர்களுக்கு வகுப்பாக ஆஸ்பத்திரியில் நடத்தினார். அதே முறையை கனடாவில் புற்றுநோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்து, மனச்சோர்வும் படபடப்பும் குறைந்ததாக 2000-ல் எழுதினார்கள். பெங்களூரில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 62 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2007-ல் வெளிவந்தது. மூச்சுப் பயிற்சியும் தியானமும் சேர்ந்த யோகா செய்தவர்களுக்குக் குமட்டல் குறைவாக இருந்தது. இங்கிருந்து போன மூச்சு ஊரெல்லாம் சுற்றி, மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு நர்ஸம்மா. ஒரு கையை வயிற்றில் வை. மூக்கு வழியா நாலு எண்ணி இழு. ஆறு எண்ணி மெதுவா விடு. மூச்சை அடக்காதே. நினைப்பு வேற எங்கயாவது போனா திட்டிக்காதே, திரும்ப மூச்சுக்கு வா. அஞ்சு நிமிஷம் போதும். தலை சுத்தினா நிறுத்திடு. இவ்வளவுதான். விடும் மூச்சு நீளமானால் நெஞ்சுத் துடிப்பு நிதானப்படும், பயம் கொஞ்சம் இறங்கும்.

அன்றைக்குத் திண்ணையிலேயே நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு எண்ணினேன். அடுத்த பஸ்ஸில் போனோம். வாசலில் அன்றைக்கும் குமட்டியது, ஆனால் திரும்பி வரவில்லை. பஸ்ஸில், வரிசையில், ஊசி ஏறும்போது என்று எண்ணி எண்ணியே எட்டு சுற்றும் முடித்தாள்.

நடுவில் ஊரில் ஒருத்தர், "மூச்சுப் பயிற்சிதான் செய்யறாளே, ஊசி எதுக்கு?" என்று கேட்டார். அக்காவே பதில் சொன்னாள்: "கட்டியைக் கரைக்கறது ஊசிங்க. அந்த ஊசியைத் தாங்கத்தான் மூச்சு." இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் வந்தால் மூச்சு எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, ராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதையும் அந்த நர்ஸம்மாவே சொன்னாங்க.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முப்பது வயசு தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யறாங்க. கட்டி தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. நம்ம குழுவில் யாருக்காவது கீமோ நடந்தால் பஸ் செலவுக்கு உள்கடன் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஊசிக்கு முந்தின நாள் ஒருத்தர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவங்களோடு மூச்சு எண்ணுங்க. அதுக்கு வட்டியும் கிடையாது, தவணையும் கிடையாது.