திரைக்குள் திரை (தொலைக்காட்சி அரங்கம்)

செய்தி வாசிப்பவரின் பின்னால் தெரியும் மானிட்டரும் எல்இடி சுவரும் கேமராவில் இயல்பாகத் தோன்றும்படி சரிசெய்யும் தொழில்நுட்பம். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம் முதல் இன்றைய தனியார் அலைவரிசைகள் வரை எல்லா அரங்குகளுக்கும் இது அன்றாட வேலை.

பழைய படக்குழாய்த் திரையில் முதல் தொல்லை, மேலும் கீழும் உருளும் கரும்பட்டை. இந்தியா ஏற்ற பால் (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 படங்கள், 50 புலங்கள் (அரைப்படங்கள்). அதே முறையில் இயங்கும் டிவியை அரங்கக் கேமரா சிரமமின்றிப் பிடித்தது. கணினித் திரையோ 60 அல்லது 75 ஹெர்ட்ஸில் ஓடியதால் பட்டை உருண்டது. கேமராவின் ஷட்டர் வேகத்தைத் திரையின் வேகத்தோடு நுட்பமாகப் பொருத்தியே அதை நிறுத்தினார்கள்.

அடுத்தது நிறம். இதில்தான் கைத்திறன் அதிகம் வேண்டும். டங்ஸ்டன் விளக்கின் நிறவெப்பம் சுமார் 3200 கெல்வின்; திரையினுடையது 6500, சில கணினித் திரைகளில் 9300. முகத்துக்கு வெண்மையைச் சரிசெய்தால் திரை நீலம் பாரிக்கும். திரையின் நிறவெப்பத்தைக் குறைப்பதே நல்ல வழி; முடியாதபோது ஆரஞ்சு ஜெல் தாளைத் திரைமேல் ஒட்டுவார்கள். திரையின் வெளிச்சத்தையும் தணிக்க வேண்டும். வீட்டில் செய்தி பார்ப்பவருக்கு வாசிப்பவரின் முகமே முதலில் தெரிய வேண்டும்.

எல்இடி சுவரின் புள்ளிகள் கேமரா உணரியின் கட்டங்களோடு மோதினால் அலையலையான கோலம் எழும். சுவரைத் தள்ளி வைத்து, குவியத்தைச் சற்று விலக்கினால் அது மறையும்.