பூனைக்காலியும் சர்ப்பகந்தியும்

எங்கள் ஊரில் பூனைக்காலிக் கொடி வேலிகளின்மீது தானாகப் படர்ந்து கிடக்கும். வெல்வெட் துணிபோல் மினுங்கும் அதன் காயின்மேல் உள்ள சுணை உடம்பில் பட்டால் அரிப்புத் தாங்காது. பள்ளிநாட்களில் வேண்டாதவன் சட்டைக்குள் அதைப் போட்டுவிட்டு ஓடுவது ஒரு வீரச்செயலாகக் கருதப்பட்டது. நெடுங்காலம் கழித்து, என் தாய்மாமாவுக்குப் பார்க்கின்சன் நோய் கண்டபோது அதே கொடியின் விதை பொடியாக, ஒரு டப்பாவில், வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்த உறவினர் வழக்கமான வாக்கியத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்: "நம்ம முன்னோர்களுக்குத் தெரியாததா?" மாமாவின் மகன் அறிவியல் படித்தவன். "எல்லாம் கட்டுக்கதை" என்றான். இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்கப் போய்த்தான் இந்த நோயின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். இருவர் சொன்னதும் சரியில்லை.

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்தவர். புனைபெயரில் அரசியல் துண்டறிக்கைகள் எழுதியவர், புதைபடிமங்கள் சேகரித்தவர். 1817-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் 'நடுக்குவாதம் குறித்து ஒரு கட்டுரை'. மொத்தம் ஆறு நோயாளிகளைப் பற்றியது. அவர்களில் சிலரை அவர் தெருவில் சந்தித்ததோடு சரி. ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்தது மட்டுமே. ஓய்வில் இருக்கும்போது ஆடும் கை, முன்னே சாயும் உடல், நடையிலிருந்து தன்னையறியாமல் ஓட்டத்துக்கு மாறும் கால்கள் என அவர் வரைந்த சித்திரம் இன்றும் பொருந்துகிறது. சிகிச்சைதான் பரிதாபம்: கழுத்தில் இரத்தம் எடுக்கச் சொன்னார். பின்னாளில் பாரிஸின் ஷார்கோ, இந்த நோயாளிகளில் சிலருக்கு நடுக்கமே இருப்பதில்லை என்று சுட்டிக்காட்டி, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார்.

நிற்க. நம் கதை ஓர் அவரைத் தோட்டத்தில் தொடங்குகிறது.

1913-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க்கஸ் குகென்ஹைம் என்ற வேதியியலாளர், ஃபாபா அவரையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இன்று எல்-டோபா அல்லது லெவோடோபா என்கிறோம். அதற்கு என்ன குணம் என்று அறிய இரண்டரை கிராம் எடுத்துத் தானே விழுங்கினார். கடுமையாக வாந்தி எடுத்தார். முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்ததிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உபயோகமற்ற பொருள் என்று அது அலமாரிக்குப் போயிற்று. அந்த வாந்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அது மறுபடியும் வரப்போகிறது.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவர் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்தெடுத்ததைச் சொல்லும் கட்டுரை. நடுக்குவாதத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இருக்கவும் முடியாது. டோபாவை டோபமினாக மாற்றும் நொதியையே ஜெர்மனியின் பீட்டர் ஹோல்ட்ஸ் அடுத்த ஆண்டில்தான், 1938-இல்தான் கண்டறிந்தார். டோபமினுக்கு மூளையில் வேலை ஏதும் உண்டு என்பது யாருக்கும் தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. நம் முன்னோர் பெருமை பேசுகிறவர்கள் சரக சம்ஹிதை வரை போகிறார்கள், சென்னைக் கடற்கரையோரம் நடந்த இந்த வேலையைச் சொல்வதில்லை என்பது எனக்குச் சற்று வருத்தம்தான்.

இன்னொரு செடி சர்ப்பகந்தி. வட இந்தியாவில் பித்துப் பிடித்தவர்களுக்கு அதன் வேரைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் அதன் பயனைப் பற்றி எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ஒரு பிரிட்டிஷ் இதழில் எழுத, மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-இல் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். மருந்து பரவலாகப் புழங்கியபோது ஒரு விநோதம் தெரியவந்தது. அதை உண்ட சிலர் மெல்ல உறைந்துபோயினர். முகபாவம் மறைந்து, கை நடுங்கி, பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே ஆயினர். மருந்தை நிறுத்தினால் சரியாயிற்று.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் இந்த ரெசர்பைனை முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, அசையாமல், கிடத்திய இடத்திலேயே கிடந்தன. மூளையில் எந்த வேதிப்பொருள் தீர்ந்துபோனதால் இப்படி ஆகிறது? செரட்டோனின் ஆகவோ நார்அட்ரினலின் ஆகவோ இருக்கலாம் என்பது அன்றைய ஊகம். செரட்டோனினின் மூலப்பொருளைக் கொடுத்தார், பலனில்லை. டோபா கொடுத்தார், சில நிமிடங்களில் முயல்கள் எழுந்து நடமாடின. ஆனால் மூளையைச் சோதித்தபோது நார்அட்ரினலின் திரும்பியிருக்கவில்லை. அப்படியானால் எழுப்பியது எது? டோபாவுக்கும் நார்அட்ரினலினுக்கும் இடையில் ஒரு வெறும் படிக்கட்டு என்று எல்லோரும் தாண்டிப்போன டோபமின்தான். 1957-இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை ஒரு பக்கம்கூடத் தேறாது. ஒரு செடியின் சாரம் டோபமினைத் துடைத்தெடுக்க, மற்றொரு செடியிலும் இருக்கிற பொருள் அதை மீட்டுத் தந்தது. எனக்கு இந்த இடம் ஒரு புராணக் கதைபோலவே தோன்றுகிறது. 1960-இல் லண்டனில் நடந்த கருத்தரங்கில் கார்ல்சன் இதைச் சொன்னபோது பெரியவர்கள் ஏற்கவில்லை.

அதே ஆண்டு வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் வேறு வழியில் போனார். இறந்தவர்களின் மூளை கிடைக்குமா என்று மருத்துவமனைகளில் கேட்டு அலைந்தார். ஆறு நடுக்குவாத நோயாளிகளின் மூளைகள் கிடைத்தன. டோபமின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் சோதனை. நோயற்றவர்களின் திசுக்கரைசல் சிவந்தது. நோயாளிகளுடையது ஏறக்குறைய நிறமற்றே நின்றது. கருவி எதுவும் தேவைப்படவில்லை, கண்ணாலேயே தெரிந்தது. பார்க்கின்சன் எழுதி 143 ஆண்டுகள் கழித்து, இன்ன பொருளின் குறைவு என்று நோயைச் சுட்ட முடிந்தது.

1961-இல் வால்தர் பிர்க்மையர் எல்-டோபாவை ஊசியாகப் போட, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரம்தான். பிறகு பழைய நிலை. மற்றவர்கள் செய்துபார்த்தபோது சில இடங்களில் பலன் வந்தது, பல இடங்களில் வரவில்லை. வாந்தி மட்டும் எல்லா இடத்திலும் வந்தது. ஏறக்குறையக் கைவிடப்பட்ட மருந்தை மீட்டவர் கிரேக்கரான ஜார்ஜ் கோட்சியாஸ். சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளிகளின் நடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். நடுக்குவாத மூளையில் ஒரு கறுத்த பகுதி வெளுத்துப்போவதைக் கண்டு, இழந்த கருநிறமியைத் திருப்பித் தந்தால் போதும் என்று நினைத்தார். அதற்காகவே டோபாவைத் தேர்ந்தார். காரணம் தவறு. செய்கையோ சரியாக விழுந்தது. வாந்தி வராதபடி மிகச் சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றி, நாளுக்கு 16 கிராம் வரை கொண்டுபோனார். 1967-இல் வெளியான முடிவு: பதினாறு பேரில் எட்டுப் பேருக்குக் கண்கூடான முன்னேற்றம். குகென்ஹைமின் வாந்திக்கும் விடை கிடைத்தது. டோபா மூளைக்குப் போகும் முன்பே உடலில் டோபமினாக மாறிவிடுவதுதான் அதற்குக் காரணம். அதைத் தடுக்கும் கார்பிடோபாவைச் சேர்த்த மாத்திரை 1975-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 'வாந்தியின்றி' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து அதற்கு சினிமெட் என்று பெயரிட்டார்கள்.

ஆலிவர் சாக்ஸ் 1973-இல் எழுதிய 'அவேக்கனிங்ஸ்' நூலை வாசித்த நண்பர்களுக்கு அடுத்து வருவது தெரிந்திருக்கும். விழிப்பு நீடிக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் நேரம் சுருங்குகிறது. உறைதல் போய், கட்டுக்கடங்காத நெளிவு வருகிறது. என் மாமாவின் கடைசி ஆண்டுகள் கடிகாரத்தால் ஆளப்பட்டன. பதினோரு மணி மாத்திரைக்கும் இரண்டு மணி மாத்திரைக்கும் நடுவில் அவர் இரண்டு வெவ்வேறு மனிதர். டோபமினைத் தருவது வேறு, டோபமினைச் சுரக்கும் செல்கள் சாவதைத் தடுப்பது வேறு. இரண்டாவதை இன்றுவரை எந்த மருந்தும் செய்யவில்லை.

அந்தச் செல்கள் ஏன் சாகின்றன? 1982-இல் கலிபோர்னியாவில் ஒரு கோரமான துப்புக் கிடைத்தது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியேற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் சிலைபோல் உறைந்தனர். மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் அவர்களுக்கு எல்-டோபா கொடுக்க, அசைந்தார்கள். தயாரிப்புப் பிழையால் சேர்ந்த எம்.பி.டி.பி. என்ற பொருள், குறிப்பாக அந்தச் செல்களையே கொன்றிருந்தது. புறத்திலிருந்து வரும் நஞ்சும் இந்த நோயின் சாயலை உண்டாக்கும் என்பது உறுதியாயிற்று. அப்போதிருந்து பூச்சிக்கொல்லிகள்மேல் சந்தேகம் விழுந்தது. 2011-இல் அமெரிக்க விவசாயிகளிடையே செய்த ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டது. ரோட்டினோனும் அவரைக் குடும்பத்துச் செடிகளிலிருந்து எடுக்கும் நஞ்சுதான். மறுபுறம், 1997-இல் ஓர் இத்தாலியக் குடும்ப வழியில் ஆல்ஃபா-சைனூக்ளின் மரபணுவில் பிறழ்வு கண்டறியப்பட்டது. நஞ்சு மட்டுமோ மரபு மட்டுமோ பெரும்பாலான நோயாளிகளை விளக்குவதில்லை.

2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பகிர்ந்துகொண்ட இருவரில் ஹார்னிகீவிச் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் கையெழுத்திட்டுக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். 2020-இல் அவர் மறைந்தார்.

இனி அந்த டப்பா. பூனைக்காலியில் எல்-டோபா இருப்பது உண்மை. விதையின் எடையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் செய்த சோதனையில் 30 கிராம் பூனைக்காலி மருந்து, வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவும், சற்றுக் கூடுதல் நேரமும் வேலை செய்தது. மாத்திரை வாங்க வசதியற்றோரை மனத்தில் வைத்துப் பொலிவியாவில் வறுத்த விதைப்பொடியைச் சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவும் நம்பிக்கை தந்தது. ஆனால் அதையே பதினாறு வாரம் நாள்தோறும் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வில் பதினான்கு பேரில் ஏழு பேர் இடையில் விலகினர். நான்கு பேருக்கு வயிற்றுக் கோளாறு, மூன்று பேருக்கு நோய் கூடியது. பழைய நூல்கள் இந்த விதையைப் பெரும்பாலும் உடல்வலுவுக்கும் ஆண்மைக்கும் சொல்கின்றன. நடுக்கத்தை வாதக்கோளாறாக அவை அறிந்திருந்தன, உண்மைதான். அதற்காக அவை டோபமினை அறிந்திருந்தன என்றாகாது.

மாமாவை அடுத்தமுறை மருத்துவரிடம் அழைத்துப்போனபோது டப்பாவையும் எடுத்துப்போனேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்துபார்த்துவிட்டு, "ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம்?" என்று மட்டும் கேட்டார். டப்பாவில் பிள்ளையார் படம் இருந்தது, அளவு அச்சிடப்படவில்லை. "அது தெரிந்தால் மாத்திரையைக் குறைத்து இதைச் சேர்க்கலாம். தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் நெளிவு அதிகமாகும்" என்றார். மாமா ஒன்றும் பேசாமல் டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போது மணி ஒன்றரை. இரண்டு மணி மாத்திரைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.